பைப் தண்ணியில் சம்மனசான பிள்ளை

எனக்கு எழுத்து ஓடாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்லத் தொடங்கி வேறொன்றில் போய் நிற்பேன். பாதி மறந்தும் போச்சு. வாராவாரம் வருகிற இந்தப் பத்தியில் போன கிழமை லோஞ்சு வந்து நிற்கிற துறைக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி இருந்தது என்று எழுதிவிட்டேன். அது அந்தப் பக்கமே இல்லை என்று ஒரு வாசகர் சொல்லியனுப்பியிருக்கிறார். பொறுத்துக்கொள்ளுங்கோ. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவள் பேப்பரில் எழுத வெளிக்கிட்டால் இப்படித்தான்.

இந்தக் கிழமை எழுதுவது இதுவரை நான் ஒருவருக்கும் சொல்லாத கதை.

வெள்ளைப் பெட்டி

யன்னல் பலகையின் வெடிப்பாலே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வெளியில் பிலோமினாவின் மகனைப் புதைக்கச் சேமக்காலைக்குக் கொண்டு போகிறார்கள்.

சின்னப் பெட்டி. வெள்ளைக் கடதாசி ஒட்டி, ஓரத்துக்குச் சரிகைக் கடதாசி வைத்து, மேலே நித்தியகல்யாணிப் பூவில் கிரீடம் மாதிரி ஒரு முடி. முன்னால் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு போகிறார்கள். கோயில் மணி அடிக்கிறது. செத்தவீட்டு மணி ஒவ்வொன்றாய், நெஞ்சில் விழுகிற மாதிரி விழும். இது அப்படி இல்லை. திருநாளுக்கு அடிப்பது போலக் கலகலவென்று அடிக்கிறது.

ஞானஸ்நானம் பெற்ற பச்சைப் பிள்ளை செத்தால் அந்த நாளில் அப்படித்தான். பாவம் ஒன்றும் செய்யாத பிள்ளை நேரே மோட்சத்துக்குப் போய்ச் சம்மனசு ஆகிறது. வேதக்காரர் அல்லாத வாசகருக்குச் சொன்னால், சம்மனசு என்பது வானதூதர், கடவுளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர். அதனால் அந்தச் செத்தவீட்டில் அழக்கூடாது. அழுதால் கடவுள் தந்த மகிமையைத் தட்டிவிட்ட மாதிரி.

பிலோமினா இவருடைய, அதாவது என் புருசனுடைய, தங்கச்சி. ஒரே வளவில் இரண்டு வீடு. எங்கள் வீட்டில் மாமி, இவருடைய தாய், இருந்தா. நான் அந்தப் பெட்டிக்குப் பின்னால் போயிருக்க வேண்டியவள். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. பொறாமை. செத்த பிள்ளையிலுமா பொறாமை என்று கேட்பீர்கள். ஓம். அந்தப் பெட்டியில், அந்த முடியில், எல்லாவற்றையும்விட அந்த மணியில்.

ஏனென்றால் கொஞ்ச நாளைக்கு முந்தித்தான் என் மகளும் அதே படலையால் போனவள். அவள் சவர்க்காரப் பெட்டியில் போனாள். மணி அடிக்கவில்லை.

தீர்த்தப் போத்தல்

இதை விளங்கப்படுத்தத் தீர்த்தத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை கோயில் பாதிரியார், எங்கள் சுவாமி, தண்ணீர் மந்திரிப்பார். கோயில் வாசலில் பெரிய அண்டா வைத்திருக்கும். சனம் சோடாப் போத்தல், மருந்துப் போத்தல், சாராயப் போத்தல்கூடக் கழுவிக் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டு போகும். பிறகு வருசம் முழுக்க எதற்கும் அந்தத் தீர்த்தம்தான். புது வலை கடலுக்குப் போனால் ஒரு தெளிப்பு. ஆட்டுக்குப் பால் வற்றினால் ஒரு தெளிப்பு. எங்கள் ஒழுங்கையில் ஒரு மனிசன், சோதனை பாஸ் பண்ணாத மகனுடைய பேனைக்குள்ளேயே தீர்த்தத்தை ஊற்றி அனுப்பிவிட்டார். மை கரைந்து தாள் முழுக்க நீலம். அந்த முறையும் பெயில்தான். அதற்கும் அந்த மனிசன், "தீர்த்தம் காணாமல் போச்சு, இன்னும் ஊத்தியிருக்கோணும்" என்றுதான் சொன்னார்.

எங்கள் வீட்டில் போத்தல் மாமியின் பொறுப்பில், மாதா சுரூபம் வைத்த தட்டில் இருக்கும்.

அந்த மார்கழியில் நானும் பிலோமினாவும் இரண்டு பேரும் வயிற்றோடு இருந்தோம். எனக்குத்தான் நாள் முந்தி. ஒருநாள் அவளுக்குப் பொய்நோ, பொய் வலி, வந்து துடித்தாள். மாமி ஓடிவந்து போத்தலில் மிச்சம் இருந்ததெல்லாவற்றையும் மகளுடைய வயிற்றில் ஊற்றித் தடவினா. நான் பக்கத்தில் பாயில் இருந்தேன். என்னுடைய வயிற்றில் ஒரு சொட்டுத் தெறிக்கவில்லை. மகள் மகள்தானே. போத்தலைத் திருப்பி நிரப்ப ஒருவருக்கும் நினைவும் இல்லை.

அடுத்த கிழமை எனக்கு நோ கண்டது. நல்ல மழைப் பகல். மருத்துவிச்சி கிண்ணியாவில் இருந்து எங்கள் பக்கம் வந்து குடியிருந்த ஒரு முஸ்லிம் மனுசி. எல்லாருக்கும் அவ ராத்தாதான். பிள்ளை பிறந்தது. அழவில்லை.

"மூச்சு நூல் மாதிரி இருக்கு," என்றா ராத்தா, பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டு.

மாமி எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினா. "தம்பி! ஞானஸ்நானம் குடுக்கோணும். தீர்த்தத்தை எடு, கெதியா!"

இவர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அம்மா, இது வெறும் போத்தல்."

"அப்ப நிண்டு என்ன பாக்கிறாய்? கோயிலுக்கு ஓடு!"

"ஏன் மகன் மழைக்குள்ள ஓடுற?" என்றா ராத்தா. "தண்ணிதானே வேணும்? இந்தா, கிடாரம் நிறைய இருக்கு."

என் தலைமாட்டில்தான் இருந்தது அந்தக் கிடாரம். கிணற்றில் அள்ளி இளஞ்சூடாக்கி வைத்த தண்ணி.

"அது சும்மா தண்ணி ராத்தா," என்றா மாமி. "உங்களுக்கு விளங்காது. எங்களுக்குத் தீர்த்தம் வேணும்."

ராத்தா திரும்பிப் பிள்ளையிடம் போனா. பிள்ளையைத் துடைத்து என் நெஞ்சில் வைத்தா.

இவர் திரும்பி வந்தபோது இடுப்பில் கட்டின சாரம் முழுக்கச் சேறு. போத்தல் நிறையத் தீர்த்தம். பிள்ளை என்னுடைய சூட்டில்தான் சூடாக இருந்தாள்.

மதிலுக்கு வெளியே

பின்னேரம் சுவாமி வந்தார். அவர் பிறநாட்டுக்காரர். நீளத் தாடி. புத்தகத்தில் இருக்கிற மாதிரித் தமிழ் பேசுவார்.

"குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றினீர்களா?"

"இல்லை சுவாமி. தீர்த்தம் வர முந்திப் போயிட்டுது," என்றா மாமி.

சுவாமி கண்ணை மூடிக்கொண்டார். நெடுநேரம் திறக்கவில்லை. பிறகு, "கடவுள் இரக்கமுள்ளவர்" என்று மட்டும் சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார். ஏன் அவ்வளவு நேரம் கண்ணை மூடினார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கினது.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையை மந்திரித்த நிலத்தில் வைக்க அந்த நாளில் சட்டம் இல்லை. சேமக்காலையின் வடக்கு மதிலுக்கு வெளியே, நாயுண்ணிப் பற்றைக்கும் மதிலுக்கும் நடுவில் மணல். அங்கே இவரும் இன்னொருவருமாகப் போய் வைத்துவிட்டு வந்தார்கள். குருசு நாட்டவில்லை.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனியாக ஓர் இடம் இருக்கிறதென்று எங்களுக்கு ஞானோபதேச வகுப்பில் சொல்லித்தந்தது. அங்கே நெருப்பு இல்லை, நோவு இல்லை. ஆனால் கடவுளின் முகத்தைக் காண மாட்டார்கள். எனக்கு விளங்கினது வேறு. நான் மோட்சம் போனாலும் அவள் அங்கே இல்லை. நரகம் போனாலும் அங்கேயும் இல்லை. எங்கே போனாலும் நான் அவளைக் காணப்போவதில்லை. இதுதான் எனக்கு இருந்த பயம். சாவை நான் தாங்கிக்கொண்டிருப்பேன். இதைத் தாங்க ஏலாது.

நத்தார்ப் பூசைக்கு எல்லாரும் வரிசையில் போய்ப் பாலன் யேசு சுரூபத்தின் காலை முத்தமிட்டு முத்தி செய்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

நத்தார் முடியப் பிலோமினாவுக்கு ஆஸ்பத்திரியில் மகன் பிறந்தான். அவனும் ஒரு பொழுதுதான் இருந்தான். இரண்டு பிள்ளைக்கும் என்ன வந்ததென்று ஒருவருக்கும் தெரியாது. அவள் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து தாய்க்குச் சொல்லுகிறாள். நான் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கிறேன்.

"நல்ல காலம் அம்மா, அந்த நேர்ஸ் எங்கட வேதம். பிள்ளை நீலம் பாய்ஞ்ச உடனே ஓடிப்போய்க் கோப்பையில பைப் தண்ணி பிடிச்சு வந்து ஊத்தி, ஞானஸ்நான வசனத்தைச் சொல்லிட்டா."

"பைப் தண்ணியோ?" என்றா மாமி.

"ஓம். எந்தத் தண்ணியும் போதுமாம். கடல் தண்ணியும் காணுமாம். ஆர் ஊத்தினாலும் சரியாம். பிறகு சுவாமியிட்டயும் கேட்டனாங்கள். சரி எண்டு சொல்லிப்போட்டார்."

நான் குசினி வாசலுக்கு வந்தேன். மாமி என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்குத் திருப்பின முகம் திருப்பினதுதான். அதற்குப் பிறகு என்னோடு கதைத்தால் என் தோளைப் பார்த்துத்தான் கதைப்பா.

பைப் தண்ணி! நகரசபைக்காரன் திறந்துவிடுகிற தண்ணி. அதில் ஒருத்தி பிள்ளை சம்மனசாகிவிட்டது. என் தலைமாட்டில் ஒரு கிடாரம் நிறைய இருந்தது.

மற்றவர்களின் மோட்சம்

பொறாமை ஒரு இடத்தில் நிற்காது. பிலோமினாவில் தொடங்கினது ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் துடக்குக் கழிந்த பிறகு ராத்தா என்னைப் பார்க்க வந்தா. நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "ஏன் புள்ள அழுற? சின்னதுல மவுத்தான புள்ளையெல்லாம் சுவர்க்கத்துலதான். வாசல்ல நிண்டு உம்மா வாப்பாவ கையப் புடிச்சுக் கூட்டிப் போகும்" என்றா.

"அது உங்கட பிள்ளையளுக்கு ராத்தா."

"அல்லாக்கு எந்தப் புள்ள எண்டு வித்தியாசம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை போட்டா. எனக்கு அந்த வெற்றிலையிலும் எரிச்சல். எவ்வளவு நிம்மதியாகப் போடுறா!

சல்லிக் கிராமத்தில் இருந்து மீன் கொண்டுவருகிற பொன்னம்மா அக்கா சைவ சமயம். அவ கடகத்தை இறக்கி வைத்துவிட்டு, "விசர்க் கதை கதையாதை பிள்ளை, அது திரும்பி உன்ர வயித்திலதான் வரும். வரேக்க மச்சத்தைப் பார், அதே இடத்தில இருக்கும்" என்றா. சொல்லிவிட்டுச் சாளைக்கு விலை கூட்டினா. அவவுக்கும் ஒரு வழி இருந்தது. எல்லாருடைய பிள்ளைக்கும் போக ஓர் இடம் இருந்தது. என்னுடையதுக்குத்தான் மதிலுக்கு வெளியே.

இவர் டொக்யார்ட்டில் இஞ்சின் பிரித்துப் பூட்டுகிறவர். எதையும் பிரித்துத்தான் பார்ப்பார்.

"இஞ்ச பார். நான் மழைக்குள்ள ஓடினது ஆண்டவருக்குத் தெரியுமோ தெரியாதோ?"

"தெரியும்."

"தெரிஞ்சா பிள்ளையை வெளியில விடுவாரோ?"

"விடார்."

"அவ்வளவுதான். பேந்தென்ன?"

"அப்ப சுவாமி ஏன் வெளியில வைக்கச் சொன்னவர்?"

"அது சட்டம்."

"ஆரின்ர சட்டம்?"

இஞ்சினைத் திரும்பப் பூட்டி முடிக்க ஓர் ஆணி மிஞ்சிவிட்டால் அவருடைய முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "ஆணி மிஞ்சினாலும் சிலநேரம் இஞ்சின் ஓடும்" என்று சொல்லிவிட்டுத் திண்ணமில்லாமல் எழும்பிப் போனார். அவருக்கு அது காணும். எனக்குக் காணாது.

மாமியின் மன்றாட்டு

இதற்கிடையில் பிலோமினாவின் மகனுக்கு வேலை கூடிவிட்டது.

மாமிக்கு முழங்கால் பிடித்தால், "என்ர ராசா, சம்மனசே, மோட்சத்தில இருந்து அம்மம்மாவைப் பார்" என்பா. கோழி காணாமல் போனால் அவன்தான் தேட வேண்டும். டொக்யார்ட்டில் ஆள் குறைக்கப் போகிறார்களாம் என்று கதை வந்தபோதும் மாமி அவனிடம்தான் சொன்னா. இவருடைய வேலை போகாமல் நின்றது. உடனே நன்றிக்குப் பிலோமினாவின் வீட்டுக்குப் பால்மாவும் மெழுகுதிரியும் போச்சு.

"இவ்வளவு வேலையையும் அந்தப் பச்சைமண் எப்படிப் பார்க்கும்?" என்று இவரிடம் ஒருநாள் கேட்டேன். இவர் சிரித்துச் சிரித்து இருமினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கோழியைக்கூட.

பிறகு எனக்கு இப்ப இருக்கிற மகள் பிறந்தாள். நல்ல சுகமான பிள்ளை. பிறந்து கண் திறக்க முந்தி மாமி கிணற்றுத் தண்ணியைச் செம்போடு தலையில் ஊற்றிச் சொல்லிப்போட்டா. பிள்ளை வீரிட்டுக் கத்தின கத்தலில் ராத்தாவே பயந்து, "இவ்வளவு தண்ணியா! புள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று ஏசினா. மாமி வெறும் செம்பைத் திரும்பவும் நிரப்பிப் பிள்ளையின் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்ததை நான் கண்டேன். கண்டும் எனக்கு மனம் இரங்கவில்லை.

என் பிள்ளையிடம் வந்து அழுதவள்

கார்த்திகை இரண்டாம் நாள், அதாவது நவம்பர் இரண்டு, செத்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்களின் நாள். அதற்கு முந்தின கிழமை சனம் சேமக்காலைக்குப் போய்ப் புல்லுப் பிடுங்கி, வெள்ளை மணல் பரப்பி, குருசுக்குச் சுண்ணாம்பு அடிக்கும். அன்றைக்குச் சுவாமி ஒவ்வொரு குழியாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். நானும் ஒவ்வொரு வருசமும் பிலோமினாவின் மகனுடைய குழியில் மற்றவர்களோடு மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நிற்பேன். சுவாமி வடக்கு மதில்வரை வந்து திரும்பிவிடுவார். தீர்த்தம் ஒருமுறையும் அந்தப் பக்கம் விழவில்லை.

மகள் நடக்கத் தொடங்கின வருசம் என்று நினைக்கிறேன். ஆத்துமாக்களின் நாளைக்கு முந்தி ஒரு பின்னேரம், ஒருவரும் இல்லாத நேரமாய்ப் பார்த்து மதிலுக்கு வெளியே புல்லுப் பிடுங்கப் போனேன். அங்கே ஆரோ குந்தியிருந்து அழுகிற சத்தம். கிட்டப் போனேன். பிலோமினா. என் பிள்ளையின் மணலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, மூக்கு ஒழுக ஒழுக அழுகிறாள்.

என் வாயில் இருந்து அப்படிச் சத்தம் வருமென்று எனக்கே தெரியாது.

"இஞ்ச உனக்கென்ன வேலை? உள்ளுக்கு உனக்கு ஒண்டு இருக்குத்தானே! வெள்ளைப் பெட்டியில வைச்சது! அங்க போய் அழு!"

அவள் எழும்பவில்லை. "அங்க அழேலாது மச்சாள்."

"ஏன் ஏலாது?"

"அவன் சம்மனசாம். அழுதா அவன்ர செட்டை நனைஞ்சு பறக்கேலாதாம். அம்மா அண்டைக்கே சொல்லிப்போட்டா. செத்தவீட்டிலயும் அழ விடயில்லை. இண்டைக்குவரை விடயில்லை. கண்ணில தண்ணி கண்டா ஏசுறா. எல்லாரும் வந்து அவனிட்ட அதைக் கேள், இதைக் கேள் எண்டுகினம். எனக்கு அவனிட்டக் கேக்க ஒண்டுமில்லை மச்சாள். எனக்கு அவன் வேணும்." மூக்கைச் சீலையில் துடைத்தாள். "இஞ்ச வந்தா ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம் எண்டுதான் வந்தனான். அடிக்கடி வாறனான். உங்களில எனக்குப் பொறாமை. நீங்கள் வீட்டில சத்தம் போட்டு அழுவீங்கள். அம்மா அந்த நேரம் வளவுக்குள்ள போயிடுவா, உங்களை ஒண்டும் சொல்லமாட்டா."

இதைக் கேட்டு என் மனம் இளகினதென்று எழுதினால் பொய். என்னிடம் இருந்தது அந்த அழுகை ஒன்றுதான். அதையும் அவள் பங்கு கேட்கிறாள் என்றுதான் பட்டது.

ஆனால் அவள் குந்தியிருந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தேன். புல்லு இல்லை. நான் பிடுங்க வந்த புல்லை ஆரோ முந்தியே பிடுங்கியிருந்தது. பக்கத்தில் குந்தினேன்.

"உன்ர பிள்ளையை நீ காணுவாய்," என்றேன். "நான் காணமாட்டன். அதுதான் வித்தியாசம்."

அவள் அழுகையை நிற்பாட்டிவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். "ஆர் சொன்னது?"

"படிச்சனாங்கள்தானே."

பிலோமினா கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்தவள். அதிலும் எனக்குப் பொறாமை இருந்தது, அதை இன்னொரு கிழமை எழுதலாம். அவள் மணலைக் கையால் அளைந்துகொண்டு யோசித்தாள். "வாங்கோ," என்றாள். "சுவாமியிட்டப் போவம்."

அவள் கேட்ட கேள்வி

சுவாமி தங்குகிற அறைவீட்டு விறாந்தையில் அவர் சாய்மனைக் கதிரையில் இருந்து செபப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தூணோடு நின்றுவிட்டேன். பிலோமினா நேரே போய் முன்னால் நின்றாள்.

"சுவாமி, ஞானஸ்நானம் வேணும் எண்டு ஆசைப்பட்டு, அது கிடைக்க முந்திச் செத்துப்போற பெரியாக்கள் மோட்சம் போவினம்தானே?"

"போவார்கள். அதற்கு ஆசை ஞானஸ்நானம் என்று பெயர்."

"பச்சைப் பிள்ளை?"

"பச்சைப் பிள்ளைக்கு ஆசைப்படத் தெரியாது, மகளே."

"விசுவசிக்கவும் தெரியாதுதானே? ஞானஸ்நானம் குடுக்கேக்க, விசுவசிக்கிறாயோ எண்டு பிள்ளையிட்டத்தான் கேக்கிறீங்கள். பிள்ளைக்காக ஞானத்தாய் விசுவசிக்கிறேன் எண்டு சொல்லுறா. நீங்கள் அதை ஒத்துக்கொள்ளுறீங்கள். ஒராளுக்காக மற்றாள் விசுவசிக்கலாம் எண்டா, ஒராளுக்காக மற்றாள் ஆசைப்படேலாதோ? என்ர அண்ணன் மழைக்குள்ள ஓடினவர் சுவாமி. மச்சாள் பாயில கிடந்து ஆசைப்பட்டவ."

சுவாமி புத்தகத்தை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். தூணோடு நின்ற என்னை அப்போதுதான் கண்டார் போல.

"இதைப் பெரிய பெரிய ஆட்கள் கேட்டிருக்கிறார்கள்," என்று மெதுவாகச் சொன்னார். "இல்லை என்று சொன்னவர்கள்தான் அதிகம். ஓம் என்று சொல்ல ஆசைப்பட்டவர்களும் இருந்தார்கள். நான் யார்? எனக்குத் தெரியாது, மகளே. மதிலுக்கு உள்ளே அந்தக் குழந்தையை வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. தெரியாத காரியத்தில் நான் செய்யக்கூடியது செபம் மட்டும்."

"அப்ப வெளியில வந்து அந்தச் செபத்தைச் சொல்லுங்கோ."

சுவாமி கண்ணாடியைத் திரும்பப் போட்டார். எங்களுக்குச் சிலுவை வரைந்து அனுப்பிவிட்டார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் நான் பிலோமினாவுக்கு முன்னால் விறுவிறென்று நடந்தேன். என் பிள்ளைக்காக அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். எத்தனை நாள் நித்திரை இல்லாமல் கிடந்து யோசித்தவள் நான். அது என் புத்தியில் வரவில்லை. வந்திருந்தாலும் என் வாயில் வந்திராது. அவள் ஒரு பின்னேரத்தில் மணலை அளைந்துகொண்டு கண்டுபிடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அந்தக் கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். ஓட்டை காண வேண்டுமென்றே தேடினேன். காணவில்லை. அன்றைக்கு நான் படுத்த உடனே நித்திரையாகிவிட்டேனாம், இவர் சொன்னார்.

குடை

ஆத்துமாக்களின் நாள் தூறலோடு விடிந்தது. சுவாமி பின்னேரம் ஒவ்வொரு குழியாக வந்தார். பிலோமினாவின் மகனுக்குத் தெளித்தார். வடக்கு மதிலுக்கு வந்தார். நின்றார். திரும்பினார். சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அவர் திரும்பினது படலைக்கு. படலையால் வெளியே இறங்கி, மதிலைச் சுற்றி, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாயுண்ணிப் பற்றைக்குள்ளால் வருகிறார். பின்னால் சனம் ஏனென்று தெரியாமல் வருகிறது. என் பிள்ளையின் மணலுக்கு முன்னால் வந்து நின்று புத்தகத்தை விரித்தார்.

அவர் வாய் திறக்கவும் பிலோமினா குழறி அழத் தொடங்கினாள். இவ்வளவு வருசமும் அடக்கி வைத்தது. நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என்ர ராசா, என்ர ராசா" என்று விழுந்தாள். சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண்டுகள் எல்லாரும் ஓடிப்போய் அவளைத்தான் பிடித்தார்கள், அவளைத்தான் தேற்றினார்கள். "பாவம், எவ்வளவு நாளைக்குத்தான் தாங்கும்" என்றார்கள். என் பிள்ளைக்குச் சுவாமி வந்த நாளில்கூட அவளுக்குத்தான் தோள் கிடைத்தது. நான் தனியக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. பயம் விட்டுப்போன இடம் வெறுமையாக இருந்தது. அழுவதற்கு அங்கே ஒன்றும் இல்லாத மாதிரி.

பக்கத்தில் ஆரோ வந்து குடைக்குள் ஒதுங்கினது. மாமி.

"பிள்ளை," என்றா. அன்றைக்கு என் தோளைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தா. "நீ அழயில்லையோ?"

"இல்லை மாமி."

"அப்ப நான் அழட்டோ?"

அந்த மனுசி என்னிடம் எதையும் கேட்டுச் செய்தது கிடையாது. எனக்கு உடனே பதில் சொல்ல மனம் வரவில்லை, கொஞ்சம் நிற்கட்டும் என்று இருந்தது. நின்றா. மழை கூடினது.

"அழுங்கோ மாமி," என்றேன்.

அன்றைக்கு அழுதது தாயும் மகளும்தான். குடை பிடித்தது நான். அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் எரிச்சல் உண்டு. ஆனால் சாவுக்குப் பிறகு என் மகளைக் காணமாட்டேனோ என்கிற பயம் அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை.

சரி பிழை பார்க்கத் தெரிந்தவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஞானோபதேசத்தில் இருந்ததை நினைவில் இருந்துதான் எழுதினேன், சொல் பிழைத்திருக்கலாம். வருசமும் சரியாகத் தெரியாது, வெள்ளைக்காரன் டொக்யார்ட்டை விட்டுப் போக முந்தி என்பது மட்டும் நிச்சயம். இவரும் இல்லை, மாமியும் இல்லை, சுவாமி தன்ர நாட்டுக்குப் போய்விட்டார். பிலோமினாவிடம் கேட்டால், தான் அழுததுதான் நினைவிருக்கு என்கிறாள். அவள் குழறின குழறலில் சுவாமி அந்த இடத்தில் என்ன செபம் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. செத்தவர்களுக்குச் சொல்லுகிறதோ, சம்மனசுகளுக்குச் சொல்லுகிறதோ, நாள்தோறும் சொல்லுகிற சும்மா ஒரு பரமண்டல மந்திரமோ, தெரியாது. அன்றைக்கு அந்தப் பற்றைக்குள் கிட்ட நின்ற ஆராவது இதைப் படித்தால், அவர் சொன்னது எது என்று தயவுசெய்து எழுதியனுப்புங்கோ.